கோதுமை ஆகாத எனக்கு நற்கருணை கிடைச்ச கதை

கோதுமை ஒத்துக்காதவங்க நற்கருணை, அதான் பூசைல இயேசுவோட உடலா நம்பி வாங்குற கோதுமை அப்பம், அத வாங்கலாமா, அரிசி மாவுல அப்பம் செஞ்சு குடுக்க மாட்டாங்களான்னு எங்க பங்குக் கோயில்ல அடிக்கடி என்கிட்ட கேக்குறாங்க, எனக்கு சீலியாக் இருக்குறது தெரிஞ்சதுல இருந்து இதே கேள்விதான், அதனால நான் எப்படி இத தாண்டி வந்தேன்னு ஒரேயடியா எழுதிடுறேன்.

ரொம்ப நாளா ரத்தசோகை எனக்கு, இரும்பு மாத்திரை எவ்ளோ போட்டாலும் ஹீமோகுளோபின் ஏறவே ஏறாது, கடைசியா ஒரு கேஸ்ட்ரோ டாக்டர் ரத்த டெஸ்ட் எடுத்து, எண்டோஸ்கோப்பில சிறுகுடல்ல இருந்து துளி சதை எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பி, சீலியாக்தான்னு சொல்லிட்டார். கோதுமை பார்லில இருக்குற குளூட்டன்ங்குற புரதம் உள்ள போனா நம்ம உடம்பே நம்ம குடல அரிச்சுடும், இப்போதைக்கு ஆயுசுக்கும் அத தொடாம இருக்குறதுதான் வைத்தியம். நம்மூர்ல இட்லி தோச சோறுன்னு சமாளிச்சுடலாம், சப்பாத்தி பரோட்டா ரவா சேமியா போச்சு, கடைல வாங்குற கூட்டுப் பெருங்காயத்துலயே மைதா கலந்திருக்கும்னு அப்பதான் தெரியும், சரி போகட்டும்னு அதெல்லாம் விட்டுட்டேன். ஆனா ஆட்டோல ஏறி வீட்டுக்கு வர்ற வழில ஞாயித்துக்கிழம பூச ஞாபகம் வந்துச்சு பாருங்க, அதுதான் உண்மையிலேயே அடி.

துளியூண்டு அப்பம்தானே என்ன ஆகப்போகுதுன்னு தோணும். டாக்டர் ஒத்துக்கல, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா போனாலும் குடல் ஆறாதுன்னுட்டார். வசீகரம் பண்ணினப்புறம், அதாவது குரு பூசைல அப்பத்து மேல ஜெபம் சொல்லி அர்ப்பணிச்சப்புறம், அது இயேசுவோட உடல்தானே, அதுல ஏது குளூட்டன்னு பக்திமான்கள் சிலர் கேட்டாங்க. அப்படி இல்லங்க. திருச்சபை சொல்றது, உள்ள இருக்குற பொருள் மாறுது, ஆனா நிறம் ருசி எட எல்லாம் அப்பத்தோடதாவே இருக்கும்னு. இறையியல் அறிஞரான புனித தாமஸ் அக்வினாஸ் 13ஆம் நூற்றாண்டுலயே இத யோசிச்சிருக்கார், அந்த அப்பம் உடம்புக்கும் உணவா இருக்கும், அந்த திராட்ச ரசம் நிறைய குடிச்சா போதையும் ஏறும்னு எழுதியிருக்கார். அப்போ என் குடலுக்கு அது கோதுமையாத்தான் இருக்கும், விசுவாசக் குறைவெல்லாம் ஒண்ணும் இல்ல.

அதனால எல்லாரும் வரிசைல போறப்போ நான் மட்டும் பெஞ்சுலயே முட்டி போட்டிருப்பேன். நம்ம கோயில்கள்ல இது எவ்ளோ பெரிய விஷயம்னு உங்களுக்கே தெரியும், நற்கருணைக்குப் போகலன்னா உடனே ஏதோ பெரிய பாவம்னு முடிவு பண்ணிடுவாங்க, பக்கத்துல உக்காந்திருந்த ஒரு பாட்டி "ஏம்மா பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாயேன், சாமி ஒண்ணும் சொல்ல மாட்டார்"னு காதுல சொல்லிட்டுப் போனாங்க, எனக்கு அழுறதா சிரிக்கிறதான்னு தெரியல.

அந்த மாசங்கள்ல ஆன்மீக நற்கருணைதான் கைகொடுத்துச்சு. 2020 லாக்டவுன்ல டிவி பூச பாத்தவங்களுக்கு இது புதுசு இல்ல, உம்மை இப்போ வாங்க முடியல, மனசளவுலயாவது என்கிட்ட வாரும்னு வேண்டுறது, புனித அல்போன்ஸ் லிகோரி எழுதின ஜெபம் ஒண்ணு அதுக்குப் பிரபலம். அத சும்மான்னு நான் சொல்ல மாட்டேன், முன்னாடி வாங்குனப்போ இல்லாத ஒரு தவிப்பு அதுலதான் எனக்கு வந்துச்சு, முன்னாடியெல்லாம் கைல வாங்கி வாய்ல போட்டுட்டு பெஞ்சுக்கு வர்றதுக்குள்ள மத்தியான சமையல் நெனப்பு வந்துடும். ஆனாலும் பசிக்குதுங்க. மனசால நெனச்சா போதும்னா அவரு ஏன் அப்பத்த கைல எடுத்து பிட்டு, வாங்கி உண்ணுங்கன்னு சொல்லணும்? எலியா தீர்க்கதரிசி சாகணும்னு சூரைச்செடிக்கு கீழ படுத்துக் கெடந்தப்போ தூதர் வந்து அறிவுரை சொல்லல, எழுந்து சாப்பிடு, நீ ரொம்ப தூரம் போகணும்னு சுட்ட அப்பமும் தண்ணியும் குடுத்தார், அந்த பலத்துலதான் நாப்பது நாள் நடந்து ஓரேபு மலைக்குப் போனார். எனக்கும் அந்த மாதிரி சாப்பாடாத்தான் வேணும்.

சரின்னு ஒருநாள் பங்குத்தந்தைய பாக்கப் போனேன். "ஃபாதர், அரிசி அப்பம் வெச்சுக் குடுக்க முடியுமா"ன்னு கேட்டேன். "முடியாதும்மா, கோதுமை இல்லன்னா அது நற்கருணையே ஆகாது, ஆனா வேற வழி இருக்கு, உக்காருங்க"ன்னார். திருச்சபைச் சட்டம் 924ல சுத்தமான கோதுமை மட்டும்தான்னு இருக்கு. 2003 ஜூலைல வத்திக்கானோட விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்துல இருந்து கர்தினால் ராட்சிங்கர், அதான் பின்னாடி போப் பதினாறாம் பெனடிக்ட் ஆனவரு, ஆயர் பேரவைகளுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கார், குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, குளூட்டன் கம்மியா இருக்குற அப்பம் செல்லும், அதுவும் முடியாதவங்க திரு இரத்தம், அதாவது வசீகரம் பண்ணின திராட்ச ரசம், மட்டும் வாங்கலாம்னு. 2017லயும் வத்திக்கான் இதையே திரும்ப சொல்லிச்சு. கம்மி குளூட்டன் அப்பத்த அமெரிக்காவுல மிசோரில க்ளைடுங்குற ஊர்ல பெனடிக்டின் சிஸ்டர்ஸ் செய்றாங்க, சுமார் 0.01 சதவீதம்தான் குளூட்டன் இருக்குமாம். நமக்கு அப்பம் சுட்டுத் தர்ற கான்வென்ட் சிஸ்டர்ஸ்கிட்டயும் போய் கேட்டேன், சாதா கோதுமை மாவுல அது வராது, மாவுலயே குளூட்டன எடுத்திருக்கணும்னாங்க. வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறதெல்லாம் வேணாம், திரு இரத்தமே போதும்னு முடிவு பண்ணிட்டோம். அதுல பாதி நற்கருணைங்குற பேச்சுக்கே எடமில்ல, எந்த ஒரு வடிவத்துலயும் கிறிஸ்து முழுசா இருக்கார்னு திரெந்து சங்கம்னு ஆயர்கள் கூடின பொதுச்சங்கம் 16ஆம் நூற்றாண்டுலயே சொல்லிடுச்சு, நீங்கல்லாம் அப்பம் மட்டும் வாங்கிட்டு முழுசா வாங்குனதா நம்புறீங்கல்ல, அதேதான்.

நடைமுறைல கொஞ்சம் நுணுக்கம் இருக்கு, இதுதான் யாரும் சொல்லித் தராதது. "உலகின் பாவங்களைப் போக்கும்" பாடுறப்போ குரு அப்பத்த பிட்டு ஒரு சின்னத் துண்ட இரசக் கிண்ணத்துல போடுவார், கவனிச்சிருப்பீங்க. அதனால அவரோட கிண்ணம் நமக்கு ஆகாது, தனியா ஒரு குட்டிக் கிண்ணம் வேணும், காணிக்கை நேரத்துலயே அதுல கொஞ்சம் ரசம் ஊத்தி மூடி பீடத்துல விரிச்சிருக்குற மேனித்துகில்ங்குற துணி மேலயே வெச்சுடணும், அதுல அப்பத்துண்டு விழக்கூடாது, அப்பம் தொட்ட விரல் உள்ள படக்கூடாது, துடைக்கிற துணியும் தனி. பூசைக்கு முன்னாடியே பூச சாமான் வெக்கிற அறையான சக்ரிஸ்திக்குப் போய், கோயில் வேலைய பாத்துக்குற கோயில்பிள்ளைகிட்ட ஞாபகப்படுத்திடுவேன், பீடச்சிறுவனுங்க மாறிட்டே இருக்குறதால புதுசா வர்றவனுக்கு ஒவ்வொரு தடவையும் வெளக்கணும், ஒருத்தன் "ஆன்ட்டிக்கு மட்டும் ஒயினா"ன்னு கண்ணு விரிய கேட்டான்.

முதல் தடவ அப்படி வாங்குனப்போ, "கிறிஸ்துவின் இரத்தம்"னு ஃபாதர் சொன்னதும் ஆமென் சொல்ல கொரலே வரல. ஒரு மடக்கு கூட இல்ல அது. நாக்குல லேசா இனிப்பு, தொண்டைல ஒரு சூடு, அவ்ளோதான். பெஞ்சுக்கு வந்தப்புறமும் சமையல் நெனப்பு வரல.

எல்லா எடத்துலயும் இது நடக்காது. சொந்தக்காரங்க கல்யாணப் பூசைக்குப் போன எடத்துல அந்த ஃபாதர் சின்னத் துண்டு போதும்மா, நம்பி வாங்குங்கன்னார், நான் கும்பிட்டுட்டு வந்துட்டேன். வேளாங்கண்ணி திருவிழாக் கூட்டத்துல கேக்கவே மனசு வராது, அங்கெல்லாம் ஆன்மீக நற்கருணைதான். அப்புறம் பெரிய வெள்ளி. அன்னைக்கு பூச கெடையாது, வியாழக்கிழம வசீகரம் பண்ணி எடுத்து வெச்ச அப்பத்தத்தான் எல்லாருக்கும் குடுப்பாங்க, திரு இரத்தத்த எங்க பங்குல அப்படி எடுத்து வெக்கிறதில்ல, அதனால சிலுவைய முத்தி செஞ்சுட்டு வந்து உக்காந்துடுவேன். எப்படியும் ஒரு சந்தி உபவாசம் பிடிக்கிற நாள்தானே, அதோட சேத்து இதுவும் இருந்துட்டுப் போகட்டும். மறுநாள் ராத்திரி பாஸ்கா பூசைக்கு, அதான் ஈஸ்டர் பூசைக்கு, குட்டிக் கிண்ணம் எடுத்து வெக்கச் சொல்லி கோயில்பிள்ளைக்கு வெள்ளிக்கிழமையே சொல்லி வெச்சுடுவேன், அன்னைக்கு ராத்திரி கூட்டத்துல அவரப் பிடிக்க முடியாது.