தர்ஸ்டே நெக்ஸ்ட் வாசிப்பு: ஐந்து நூல் முடிந்த நிலையில்

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜாஸ்பர் ஃபோர்டின் தர்ஸ்டே நெக்ஸ்ட் வரிசையில் ஏழு நாவல்கள். மதுரையில் சிலர் சேர்ந்து வாசித்துக்கொண்டு வருகிறோம். ஐந்து முடிந்தது, ஆறாவது கையில் இருக்கிறது. தொடங்கலாம் என்று நினைப்பவர்களுக்காக, எங்கே வழுக்கும், எதை முன்கூட்டிப் படித்து வைத்தால் நல்லது என்று எழுதி வைக்கிறோம்.

களம் 1985இன் ஸ்விண்டன் நகரம், ஆனால் நமக்குத் தெரிந்த இங்கிலாந்து கிடையாது. நம் வரலாற்றில் எப்போதோ முடிந்த கிரிமியப் போர் அங்கே இன்னும் ஓயவில்லை. வீட்டில், நம் உலகில் அழிந்துபோன டோடோ பறவையை வளர்க்கிறார்கள். இலக்கியக் குற்றங்களைப் பிடிக்க 27ஆம் எண்ணில் தனிப் போலீஸ் பிரிவு, நாயகி தர்ஸ்டே அதில் வேலை பார்க்கிறாள். கம்பராமாயணத்தில் மிகைப்பாடல் சேர்த்தவர்களை ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்து விசாரிக்கும் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நூல் 'தி அயர் அஃபேர்' (2001). இதற்கு முன் சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவல் தெரிந்திருக்க வேண்டும். 38 அத்தியாயத்தையும் படிக்க நேரமில்லை என்றால் 11, 12, 15, 26, பிறகு 35 முதல் 37 வரை. பனி உறைந்த பாதையில் ஜேனின் காதலர் ராச்செஸ்டரின் குதிரை சறுக்குவது 12இல், படுக்கை தீப்பிடிப்பது 15இல், கல்யாணம் நிற்பது 26இல். தர்ஸ்டேயின் உலகத்தில் ஜேன் கடைசியில் பாதிரி செயின்ட் ஜான் ரிவர்ஸோடு இந்தியாவுக்குப் போய்விடுகிறாள், சப்பென்ற முடிவு என்று ஊரே அலுத்துக்கொள்கிறது. நம் கையில் இருக்கும் முடிவு வேறு என்று தெரியாதவருக்கு அங்கே சிரிப்பு வராது, நாவலின் உச்சக்கட்டமும் புரியாது. மாணவர்களுக்கான சுருக்கப் பதிப்பை நம்ப வேண்டாம், ரிவர்ஸ் பகுதிதான் அதில் முதலில் வெட்டுப்படும். முழு நாவலும் குட்டன்பர்க் தளத்தில் இலவசம். தாளில்தான் வேண்டும் என்றால் புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் ஆங்கிலப் பிரிவில் தேடிப் பார்க்கலாம்.

புத்தகத்துக்குள் ஆள் நுழைந்து பாத்திரங்களைத் தூக்கிவர முடிகிற உலகம் இது. வில்லன் ஜேனைக் கடத்தும் இடத்தில் ஃபோர்டின் கணக்கு கச்சிதம். 'ஜேன் அயர்' தன்மைக் கூற்றில் எழுதிய நாவல். கதை சொல்கிறவளைத் தூக்கிவிட்டால் சொல்ல ஆளில்லை, ஆகவே அந்த உலகத்தின் பிரதிகளில் எல்லாம் 107ஆம் பக்கத்தோடு எழுத்து நின்றுபோகிறது. அதற்கு முன் டிக்கன்ஸின் 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' மூலப்பிரதியிலிருந்து க்வேவர்லி என்ற சில்லறைப் பாத்திரத்தை வில்லன் ஆள் விட்டு இழுத்துக் கொன்றுவிடுகிறான். சஸ்ஸில்விட்டைப் புரட்டி அவரைத் தேடாதீர்கள். கொன்றாகிவிட்டதே, எப்படி இருப்பார்?

பெரும்பாலானவர்களைக் குழப்புவது அச்சுதான். தமுக்கம் புத்தகத் திருவிழாவிலோ பழைய புத்தகக் கடையிலோ வாங்குகிறவர்கள் கவனிக்க: இரண்டாம் நூலில் 13ஆம் அத்தியாயம் உள்ளடக்கப் பட்டியலில் தலைப்போடு இருக்கும், உள்ளே இருக்காது. ஃபாரம் (சேர்த்துத் தைக்கும் பக்கக் கட்டு) விட்டுப்போயிற்று என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அத்தியாய எண்ணை விட்டுவிட்டுப் பக்க எண் தொடர்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதல் நூலில் புத்தகப் புழுக்கள் மேய்ந்து கழிக்கும் இடத்தில் அபாஸ்ட்ரபிக் குறிகளும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளும் கண்ட இடத்தில் சிதறிக் கிடக்கும், அதுவும் திட்டமிட்டதுதான். நடைபாதைத் திருட்டுப் பதிப்பின் பிழை வேறு மாதிரி: எழுத்து மங்கும், ஓரம் வெட்டுப்படும், ஒரே பக்கம் இரண்டு முறை வரும். பக்கத்தில் நிற்கும் பாத்திரங்களும் அந்தக் குளறுபடியைப் பார்க்கிறார்கள் என்றால் அது ஆசிரியர் வைத்தது.

இரண்டாம் நூலிலிருந்து அடிக்குறிப்புகள் தொலைபேசியாகிவிடுகின்றன. மேலே கதை ஓடும், கீழே யாரோ தர்ஸ்டேயை அழைத்துப் பேசுவார்கள். மின்நூலில் அடிக்குறிப்பு கடைசிக்குத் தள்ளப்பட்டிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தட்டித் தட்டிப் போய்வர வேண்டும், நகைச்சுவை செத்துவிடும். தாள் பிரதியே நல்லது. மாட்டுத்தாவணி பஸ்ஸில் நின்றுகொண்டு படிக்கிற நூலும் இது இல்லை.

முதல் நூலில் எங்கள் கூட்டத்துக்கு உடனே ஒட்டிக்கொண்ட காட்சி, ஸ்விண்டன் தியேட்டரில் வாராவாரம் நடக்கும் ஷேக்ஸ்பியரின் 'மூன்றாம் ரிச்சர்ட்'. நடிகர்களைப் பார்வையாளர்களிலிருந்தே பொறுக்குகிறார்கள். எல்லோருக்கும் வசனம் மனப்பாடம், ஒத்திகையே கிடையாது. மேடையில் ஒருவன் வாயைத் திறக்குமுன் கீழேயிருந்து கேள்வி பறக்கும், அதற்குப் பதிலாக வசனம் வரும். இதை அபத்தக் கற்பனை என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். மதுரைப் பக்கத்து ஸ்பெஷல் நாடகம் பார்த்தவருக்கு இதில் பாதி நிஜம். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். தனித்தனியாக அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வந்து, ஒத்திகையில்லாமல் மேடையில்தான் சந்திக்கிறார்கள். 'வள்ளி திருமணம்' அடுத்து எங்கே போகும் என்று முன்வரிசைப் பாட்டிக்கும் தெரியும். 1918இல் இங்கே பாலசபை என்ற சிறுவர் நாடகக் குழுவைத் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகளை வைத்து இந்தக் காட்சியைப் படித்தால் விளக்கக் குறிப்பே தேவைப்படாது. ரிச்சர்டின் தொடக்கத் தனிமொழியை, சுமார் நாற்பது வரி, முன்னதாகச் சத்தமாக வாசித்துவிடுங்கள். கீழேயிருந்து வரும் கேள்விகள் எந்தச் சொல்லைக் குத்துகின்றன என்று தெரியும்.

'லாஸ்ட் இன் எ குட் புக்' (2002) நூலுக்கு மூன்று முன்வாசிப்பு போதும். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' அத்தியாயம் 8, 49. காஃப்காவின் 'விசாரணை'யில் முதல் விசாரணை நடக்கும் இடம். எட்கர் ஆலன் போவின் கவிதை 'தி ரேவன்', 18 பத்திதான். 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் நைந்துபோன கல்யாண உடையோடு உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாவிஷாம் இங்கே தர்ஸ்டேக்கு வாத்தியாரம்மா, கார் ஓட்டுவதில் வெறி பிடித்தவர். கதையில் வரும் 'கார்டெனியோ' ஃபோர்டின் கற்பனை இல்லை, 1613இல் மேடையேறிக் காணாமல் போன, ஷேக்ஸ்பியர் பெயரில் சொல்லப்படும் நாடகம். தர்ஸ்டேயின் கணவன் பெயர் லேண்டன் பார்க்-லேன். நம்மூர் பிசினஸ் விளையாட்டு அட்டையில் பார்க் லேன் கிடையாது, லண்டன் மொனாப்பொலி அட்டையில் 350 பவுண்டு விலையுள்ள கட்டம் அது. 'லேண்ட் ஆன் பார்க் லேன்', அதாவது பார்க் லேனில் போய் நில் என்று பெயரே சொல்கிறது. பெயர்களைக் கண்ணால் படித்தால் ஒன்றும் கிடைக்காது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

ஆட்கள் கழன்றுகொள்வது மூன்றாவதில், 'தி வெல் ஆஃப் லாஸ்ட் பிளாட்ஸ்' (2003). கதை நகராது. 26 மாடிப் பெருநூலகத்துக்குக் கீழே 26 நிலவறை, அங்கே எழுதி முடியாத நாவல்கள். உலகத்தைச் சுற்றிக் காட்டுவதிலேயே பாதிப் புத்தகம் போய்விடும். ஆனால் 'வதரிங் ஹைட்ஸ்' பாத்திரங்களுக்குக் கோபத்தைக் குறைக்க ஆலோசனைக் கூட்டம் நடக்கும் அத்தியாயத்துக்காகவே தாக்குப்பிடிக்கலாம். ‘ஹேட் ஹேட்’ (had had), ‘தட் தட்’ (that that) என்று சொற்கள் அடுக்கடுக்காக வரும் கூட்டக் காட்சியை இருவர் மாறி மாறி உரக்கப் படித்தால்தான் நிறுத்தம் பிடிபடும்.

'சம்திங் ராட்டன்' (2004) ஹாம்லெட்டை ஸ்விண்டனுக்குக் கூட்டி வருகிறது. முதல் மூன்றில் போட்ட முடிச்சுகள் இங்கே அவிழ்வதால் வரிசை மாற்றிப் படிக்கவே கூடாது. ஐந்தாவது, 'ஃபர்ஸ்ட் அமங் சீக்குவல்ஸ்' (2007), 14 ஆண்டு தாண்டிக் குதிக்கிறது. சுமார்தான்.

படிப்போடு நிற்காமல் மூன்றாம் நூலின் எழுத்துப்பிழை வைரஸைத் தமிழில் பரப்பிப் பார்த்தோம். அந்த வைரஸ் தாக்கினால் எழுத்து மாறும்போது பொருளும் மாறிவிடும். ஆகவே இரண்டு பக்கமும் அர்த்தமுள்ள ஜோடிதான் வேலைக்கு ஆகும்: புளி–புலி, பள்ளி–பல்லி, கறி–கரி. 'தமிள்' என்று எழுதினால் ஒன்றும் நடக்காது, தமிழ் தமிழாகவே நிற்கும். 'ரசத்துக்குப் புலி கரைத்தாள்' என்ற வரியோடு விட்டால் தட்டச்சுப் பிழை என்று எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒற்றுப்பிழையில் ஊறிய கண்கள் அப்படி. அடுத்த வரியிலேயே புலி சட்டியை விட்டு எழுந்து மீசையை நக்க வேண்டும், அப்போதுதான் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

அடிக்குறிப்புத் தொலைபேசிக்குத் தமிழில் சரியான இடம் பழம்பாட்டுகளின் உரை. உரையாசிரியர் மதுரை நச்சினார்க்கினியர் எங்கோ கிடக்கும் சொல்லை இழுத்து வந்து இன்னோரிடத்தில் மாட்டிப் பொருள் சொல்கிறவர். பாட்டுக்குள் இருக்கும் பாத்திரம் 'என் வரியை எங்கே கொண்டுபோனீர்கள்' என்று உரைக்குள்ளிருந்து கத்துவதாக அரைப்பக்கம் எழுதியது நன்றாகவே வந்தது. இரண்டு பக்கம் தாண்டினால் இழுவை. மேலே பாட்டின் அடி நான்குக்கு மேல் போகாமலிருந்தால் கீழே பேச்சுக்கு இடம் கிடைக்கிறது.

ஆறாவதில் (2011) கதை சொல்வது நிஜத் தர்ஸ்டே இல்லை, புத்தகத்துக்குள் அவளாக நடிப்பவள். நிஜமானவளைக் காணோம். ஐந்தாவது சுமார் என்று தாண்டி வந்தவர்கள் இந்த இருவரையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.