காய்ச்சல் விட்டவுடன் வீட்டுக்கு விடமாட்டார்கள்

போன மாரி மழை ஓய்ந்த கையோடு கல்லடியில் எங்கள் ஒழுங்கை முழுக்க டெங்குக் காய்ச்சல். தம்பிக்கும் வந்தது. வைத்தியசாலை வாட்டில் அவனுக்குத் துணையாக நின்றது நான்தான். இனி நிற்கப்போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

வெளிநோயாளர் பிரிவு டொக்டர், வாட்டு மிஸ் (தாதி), மாலையில் சுற்றிப் பார்க்க வந்த பெரிய டொக்டர், எல்லோரும் முதலில் கேட்டது ஒன்றைத்தான்: "காய்ச்சல் எத்தனையாவது நாள்?" எப்போது தொடங்கியது என்று நேரத்தோடு குறித்துக்கொண்டு போங்கள். எந்தச் சோதனை செய்வது என்பதே அதில்தான் இருக்கிறது. வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 சோதனை காய்ச்சலின் முதல் சில நாட்களில்தான் நன்றாகக் காட்டும். பிந்தி எடுத்து 'நெகட்டிவ்' வந்தால் டெங்கு இல்லை என்று ஆகாது. நுளம்பு கடித்ததோ அதற்கும் முன்னால். கடித்ததிலிருந்து காய்ச்சல் தொடங்கும் வரையான நோயரும்பு காலம் 4 முதல் 10 நாள்.

காய்ச்சல் விட்டதும் அம்மம்மாவுக்குப் பெரிய சந்தோசம். "விட்டுட்டு மனே, துண்டு வெட்டிக்கொண்டு வீட்ட போவம்" என்றா. ஆனால் மிஸ் அன்றிலிருந்துதான் அடிக்கடி வரத் தொடங்கினா. டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வருகிறது. இரத்தக் குழாய்களிலிருந்து பிளாஸ்மா, அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதி, கசியும், 24 முதல் 48 மணித்தியாலம் வரை. பார்க்க வருகிற சொந்தக்காரர் எல்லோரும் பிளேட்லெட் எவ்வளவு என்றுதான் கேட்பார்கள். மிஸ்ஸின் கண் பிசிவியில், அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை வீதம் என்ற அளவில். நீர்ப்பகுதி வெளியே போனால் மிஞ்சிய இரத்தம் தடிக்கும், பிசிவி ஏறும். அவரவருடைய வழக்கமான அளவிலிருந்து 20 வீதம் ஏறினால் கசிவு என்று எடுத்துக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப இரத்தம் எடுப்பதும், குடித்ததையும் சிறுநீரையும் மில்லிலீற்றரில் எழுதச் சொல்வதும் இதற்காகத்தான். சிவப்பு, மண்ணிறப் பானங்கள் கொடுக்கக் கூடாது. வாந்தி எடுத்தால் இரத்தமா சோடாவா என்று தெரியாது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும். அஸ்பிரின், இபுபுரோபன் இரத்தக் கசிவைக் கூட்டும்.

தம்பி வாட்டில் இருக்கும்போதே பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வீட்டுக்கு வந்துவிட்டார். அக்கம்பக்கம் எட்டிப் பார்த்தது, ஏதோ களவு பிடிபட்ட மாதிரி! டெங்கு அறிவிக்க வேண்டிய நோய். சந்தேகம் வந்தாலே வைத்தியசாலை எம்ஓஎச் (சுகாதார வைத்திய அதிகாரி) அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், முடிவு வரும் வரை காத்திருப்பதில்லை. நோயாளியைக் கடித்த நுளம்பு அடுத்தவருக்குக் காவும் முன் ஆள் வந்து சேர வேண்டுமே. அவர் கூரைப் பீலியைப் பார்த்தார், பிரிட்ஜின் பின்தட்டை இழுத்துப் பார்த்தார். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது, பாத்திரத்தின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள் என்றார். ஒட்டியிருக்கும் முட்டை காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்குமாம்.

துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தரும் அட்டையை எறிந்துவிடாதீர்கள். டெங்கு வைரஸில் நான்கு வகை இருக்கிறது. ஒன்று வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு. வேறு வகை இரண்டாம் தடவை வந்தால் கடுமையாகும் வாய்ப்புக் கூட. அடுத்த முறை காய்ச்சல் என்று போனால் அந்த அட்டையை முதலில் நீட்டுங்கள்.