அளக்காத வெளிச்சம்

மின்சாரம் பாய்ந்தால் ஒளிரும் பலபடி (பாலிமர்) டையோடு ஒன்றை ஒரு மாணவி செய்தார். அந்தச் சில்லு ஒளிர்ந்ததாகத் திட்ட அறிக்கையில் எழுத வேண்டாம் என்று நான் சொன்னது சரிதானா என்று, அந்த மாணவி பட்டம் பெற்றுச் சென்ற பிறகும் எனக்குள் வாதிட்டுக்கொண்டிருக்கிறேன். ஒளியை மறைக்காமல் மின்சாரம் கடத்தும் இண்டியம் டின் ஆக்சைடு பூசிய கண்ணாடி, அதன்மேல் எம்இஎச்-பிபிவி என்னும் பலபடியின் மென்படலம், அதற்கும் மேல் அலுமினியம். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றியபோது அலுமினியத் திட்டின் பரப்பு முழுவதும் செம்மஞ்சளாக ஒளிர்ந்து, சில நொடிகளில் அணைந்துவிட்டது என்றார். அவர் கூப்பிட்டு, அடுத்த அறையிலிருந்து நான் வந்து பார்த்தபோது ஒன்றும் இல்லை.

"அளவு எங்கம்மா? நிறமாலை எடுத்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டேன்.

"அதுக்குள்ள அணைஞ்சிருச்சு சார். கண்ணால பார்த்தத எழுதக் கூடாதா?"

என் பக்கத்தில் நியாயம் இல்லாமலில்லை. அந்தப் படலத்தின் தடிமன் 100 நானோமீட்டர் அளவுதான். ஒரு தூசி விழுந்திருந்தாலே அந்த இடத்தில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுப் பொறி பறக்கும். பல வாரம் காத்திருந்த கண்ணுக்கு, இருட்டறையில் அந்தப் பொறியே போதும். ஆனால் பொறி ஒரு புள்ளியில்தான் தெறிக்கும். அவர் சொன்னதோ பரப்பு முழுவதும், அதுவும் அந்தப் பலபடிக்கு உரிய நிறத்தில். அந்த நிறத்தை அவர் முன்பே படித்திருந்தார் என்பதையும் நான் மறக்கவில்லை. ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் ஏறும் டையோடு வளைகோடு வேறு அவர் கையில் இருந்தது.

உடனே அணைந்தது என்பதும் அவருக்கு எதிரான சாட்சியம் ஆகாது. ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் அந்தச் சங்கிலியில், ஒரு பக்கமிருந்து வரும் எலக்ட்ரானும் மறுபக்கமிருந்து வரும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத நேர்மின் வெற்றிடம்) சந்தித்து ஒளியாகின்றன. ஆக்சிஜன் அந்த இரட்டைப் பிணைப்புகளைத் தாக்கினால் ஒளியைத் தின்னும் கார்போனைல் (கார்பன்-ஆக்சிஜன்) தொகுதிகள் உண்டாகின்றன. அலுமினியத்தின் நுண்துளைகள் வழியே ஈரம் இறங்கினால், அங்கங்கே எலக்ட்ரான் உட்புகுவது நின்று கரும்புள்ளிகள் பரவுகின்றன. நைட்ரஜன் நிரப்பிய, காற்றுப் புகாத கையுறைப் பெட்டிக்குள் செய்ய வேண்டிய வேலையை, நாங்கள் ஐப்பசி மழையில், ஜன்னல் கம்பியே உப்புக்காற்றில் உதிர்கிற கட்டடத்தில் செய்தோம். உலோக அரிமானத்தை ஆராய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலோர ஊரான மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. இந்தக் கரையில் அப்படியொரு சில்லு ஒளிர்ந்தால் சில நொடிகள்தான் ஒளிரும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் நடந்ததை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். எம்இஎச்-பிபிவிக்கு மூலமான பிபிவி என்னும் பலபடிப் படலத்தின் மின்பண்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தபோதுதான் ஆய்வாளர் ஜெரமி பரோஸ் அது ஒளிர்வதைக் கண்டார். அங்கும் கண்தான் முந்திக்கொண்டது. ஆனால் 1990-இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தபோது அதில் இருந்தது கண் கண்ட கதை அல்ல, அளவீடு. இந்த வரலாற்றை எனக்குச் சாதகமாகச் சொல்லத் தொடங்கினால், பாதி வழியில் அது அவருக்குச் சாதகமாகத் திரும்பிவிடுகிறது.

பிறகு அவர் செய்த சில்லுகள் எதுவும் ஒளிரவில்லை. அறிக்கையில் வளைகோடு மட்டும் இடம்பெற்றது.

வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர், "வெளிச்சம் வந்ததா?" என்று நேராகவே கேட்டார். மாணவி என்னைப் பார்க்காமல், "அளக்கல சார்" என்றார். கேட்டது அதுவல்ல என்பது மூவருக்குமே தெரிந்திருக்கும். தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். நான் சொல்லிக்கொடுத்த கண்டிப்பு அந்தப் பதிலில் அப்படியே இருந்தது. அதில் எனக்கான குத்தலும் இருந்ததா என்று இன்றும் பிரித்தறிய முடியவில்லை. "வந்தது சார், நான் பார்த்தேன்" என்று அவர் சொல்லியிருந்தால் நான் குறுக்கிட்டிருப்பேனா? மாட்டேன் என்று நினைக்க விரும்புகிறேன்.

இப்போது வரும் மாணவர்களிடம், பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு ஆய்வுக் குறிப்பேட்டில் உடனே எழுதச் சொல்கிறேன். அதை அறிக்கையில் சேர்க்கலாமா என்று கேட்டால், அளவு எங்கே என்றுதான் கேட்கிறேன்.