பால் மறக்கடிக்கும்போது மார்பு கட்டிக்கொள்ளாமல் இருக்க

பிள்ளைக்குப் பால் மறக்கடிக்கலாம் என்று பேச்செடுத்ததுமே வீட்டில் வேப்பிலைதான் முதலில் நினைவுக்கு வரும். காம்பில் அரைத்துத் தடவு, நாலு நாள் பிள்ளையை ஆச்சியிடம் விடு, தானாக மறந்துவிடும் என்பார்கள். பிள்ளை மறந்துவிடலாம். மார்புக்கு அது தெரியாது. நேற்றுவரை ஆறு வேளை குடித்த பிள்ளைக்கு வேண்டிய பாலை இன்றும் சுரக்கும். இரண்டாம் நாளே மார்பு கல்லாகிக் கையைத் தூக்க முடியாது, அக்குளில் நெறி கட்டும், காய்ச்சலும் வரலாம்.

பால் வற்றுவது பத்தியத்தால் அல்ல. எடுக்காமல் உள்ளே தங்கும் பால்தான் சுரப்பைக் குறைக்கிறது. மார்பு நிறைந்திருக்கும்போது சுரப்பு மெதுவாகும், காலியானால் வேகம் பிடிக்கும். இது ஒவ்வொரு மார்பிலும் தனித்தனியாக நடக்கும். அதனால் வற்றவைப்பதில் கவனிக்க வேண்டியது ஒன்றே: பால் தங்கவும் வேண்டும், கட்டிக்கொள்ளவும் கூடாது.

அவசரம் இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரு வேளையை மட்டும் நிறுத்துங்கள். பிள்ளை அவ்வளவாக ஆசைப்படாத வேளை, பெரும்பாலும் மத்தியானம், அதில் தொடங்கலாம். மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை பொறுத்து, மார்பு பழையபடி இளகிய பிறகே அடுத்த வேளையைக் கைவிட வேண்டும். தூங்கும் முன் குடிப்பதும் விடியற்காலையில் குடிப்பதும் கடைசியில் போகட்டும். ஐந்தாறு வேளை குடிக்கும் பிள்ளைக்கு இப்படி முடிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பிள்ளைக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருக்கும்போது தொடங்க வேண்டாம். வேலைக்குத் திரும்புவதுதான் காரணம் என்றால் முழுதாக நிறுத்தத் தேவையே இல்லை. பகல் வேளைகளை மட்டும் விட்டுவிட்டுக் காலையும் இரவும் கொடுத்து வந்தால் சுரப்பு அந்த அளவுக்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்.

நிறுத்திய வேளையில் மார்பு இறுகி வலித்தால் கொஞ்சம் பீய்ச்சி விடுங்கள். பலரும் தவறுவது இங்கேதான். ஒரு சொட்டு எடுத்தாலும் மறுபடி ஊறும் என்று பயந்து வலியைப் பொறுத்துக்கொள்வார்கள், அல்லது பம்பை வைத்து முழுக்கக் காலி செய்வார்கள். முன்னது பால் கட்டிக்கொள்வதில் முடியும்; பின்னது சுரப்பைக் குறையவே விடாது. காம்புக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னால் கட்டைவிரல் மேலும் மற்ற விரல்கள் கீழுமாக வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விடுங்கள். தோலில் விரலை இழுத்துத் தேய்க்கக் கூடாது. இறுக்கம் தளர்ந்ததும், ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, நிறுத்திவிட வேண்டும். பம்பிலேயே எடுத்துவந்தவர்கள் ஒவ்வொரு முறையும் சில நிமிடங்களைக் குறைத்து, இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

பிரசவமான புதிதில் கொடுத்த சுடுதண்ணீர் ஒத்தடம் இப்போது வேண்டாம். சூடு பாலை இறக்கிவிடும். ஐஸைத் துண்டில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வைத்தால் வீக்கமும் வலியும் குறையும். முட்டைக்கோஸ் இலையைக் கழுவி, பிரிட்ஜில் குளிரவைத்து, நடுநரம்பை நசுக்கிப் பிராவுக்குள் வைத்து, வாடியதும் எடுத்துவிடுவது பலருக்குச் சுகம் தருகிறது. காம்பில் வெடிப்பு இருந்தால் அதன்மேல் படக்கூடாது. மார்பில் மல்லிகைப்பூ கட்டுகிற நம் ஊர் வழக்கத்தை வெறும் நம்பிக்கை என்று தள்ள மாட்டேன். பிரசவித்த பெண்களிடம் அதைச் சோதித்த ஆய்வு 1988இல் வெளிவந்தது. பால் வற்றவைக்க அப்போது தந்த ப்ரோமோகிரிப்டின் மாத்திரை அளவுக்கே பால் கட்டுவதும் சுரப்பும் குறைந்ததாக அதில் பதிவாகியிருக்கிறது.

பிரா தாங்கிப் பிடிக்க வேண்டும், அழுத்தக் கூடாது. பழைய புடவையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டுவது ஓரிடத்தில் பாலைத் தேக்கிக் கட்டியாக்கும். தண்ணீரைக் குறைப்பதால் பால் வற்றாது. தலைவலியும் மலச்சிக்கலும்தான் மிச்சம். காம்பில் மிளகாய் தடவுவதை யார் சொன்னாலும் கேட்காதீர்கள், பிள்ளையின் வாயும் கண்ணும் எரியும். கற்றாழை தடவுவதும் வேண்டாம், அதன் மஞ்சள் பால் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.

மாத்திரை என்றால் இன்று பெரும்பாலும் காபர்கோலின். உயர் ரத்த அழுத்தம், கர்ப்பகால ரத்த அழுத்தம், இதய வால்வுக் கோளாறு, பிரசவத்துக்குப் பின் மனநோய் வந்த வரலாறு இவற்றில் ஏதாவது இருந்தால் அது ஆபத்து. அதனால் மெடிக்கலில் கேட்டு வாங்கும் மருந்து அல்ல, மகப்பேறு மருத்துவர் பார்த்துத் தர வேண்டியது. ப்ரோமோகிரிப்டினைப் பால் வற்றவைக்கத் தரும் அனுமதியை அமெரிக்கா 1990களிலேயே விலக்கிக்கொண்டது. வலிப்பு, பக்கவாதம் போன்ற பின்விளைவுகள்தான் காரணம். குழந்தையைப் பறிகொடுத்த தாய்க்கும் இரண்டு மூன்று நாளில் பால் வந்துவிடும். அவரிடம் இதைப் பற்றி முன்கூட்டியே பேசி, மாத்திரை வேண்டுமா என்று மருத்துவமனையிலேயே கேட்டுவிடுவது பெரிய உதவி.

மார்பில் ஓரிடம் சிவந்து, சுட்டு, குளிரோடு காய்ச்சலும் உடம்புவலியும் வந்தால் அது மார்பு அழற்சி. அப்போது வற்றவைக்கும் முயற்சியைச் சில நாள் தள்ளிவையுங்கள். பிள்ளை குடிப்பதால் அதற்குக் கெடுதல் இல்லை. ஐஸ் ஒத்தடமும் பாராசிட்டமாலும் போதவில்லை, ஒரு நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். கட்டி அழுத்தினால் தளும்பும்படி இருந்தால் சீழ் கோத்திருக்கலாம். அதை உருவிவிடச் சொல்லாமல் உடனே மருத்துவரிடம் போங்கள்.

ஒரு வயதுக்குள் நிறுத்தினால், விடும் வேளைக்கு ஈடாகக் கைக்குழந்தைகளுக்கான பவுடர் பால் (ஃபார்முலா) வேண்டும். டின்னில் சொன்ன அளவுக்கே தண்ணீர் சேருங்கள், சிக்கனத்துக்காக நீர்க்கக் கலக்காதீர்கள். பசும்பால் ஒரு வயதுக்குப் பிறகுதான் முக்கியப் பாலாகலாம், அதுவும் நாளைக்கு அரை லிட்டருக்குள். அதற்கு மேல் போனால் பிள்ளை சோறு உண்ணாது, ரத்தசோகை வரும்.

நிறுத்திய வாரங்களில் காரணமில்லாமல் அழுகை வருவதும் மனம் சோர்வதும் ஹார்மோன் இறங்குவதால் நடப்பது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் சொல்லி உதவி கேளுங்கள். உயிரை விட வேண்டும் என்ற எண்ணம் வந்தால் அன்றே. மாதவிலக்கு வருமுன்னே கரு தங்கக்கூடும் என்பதால் கருத்தடைக்கும் இப்போதே ஏற்பாடு வேண்டும். காம்பை அழுத்தினால் ஓரிரு சொட்டு வருவது பல மாதம் இருக்கும். வற்றிவிட்டதா என்று தினமும் அழுத்திப் பார்ப்பதே சுரப்பைத் தூண்டும், விட்டுவிடுங்கள். அழுத்தாமலே ஒரு பக்கம் மட்டும் கசிந்தாலோ ரத்தம் கலந்து வந்தாலோ காட்டிவிட வேண்டும்.