நடு ஓட்டையை அளக்காமல் வாங்கிய அலாய் வீல்

நாங்குநேரி போய்த் திரும்பிய மறுநாள் காலை, முன்பக்க இடது டயர் மறுபடியும் இறங்கிக் கிடந்தது. ஒரே வாரத்தில் மூன்றாவது முறை. வண்ணார்பேட்டை பஞ்சர் கடையில் சக்கரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சுற்றினார்கள். குமிழி டயரிலிருந்து வரவில்லை. அலாய் வீலின் உள்விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல். இரும்பு ரிம் அடிபட்டால் நெளியும், தட்டி நிமிர்த்தலாம். வார்ப்பு அலுமினியம் விரிசல் விட்டுவிடும். வெல்டிங் வைத்துத் தருவதாக ஒருவர் சொன்னார். பிள்ளைகளை ஏற்றிப் போகிற வண்டியில் அந்தச் சோதனை வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வண்டி 2013 ஸ்விஃப்ட். அதே டிசைனில் ஒற்றைச் சக்கரம் எங்கும் அகப்படவில்லை. சரி, நான்கையும் மாற்றுவோம்.

கடைக்காரர் 16 அங்குலச் சக்கரத்தைத்தான் காட்டிக்கொண்டே இருந்தார். பார்க்க அழகுதான். என் பழைய டயர் 185/65 ஆர்15: அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். பக்கச்சுவர் 120 மி.மீ. அவர் சொன்ன 195/55 ஆர்16-இல் அது 107. மொத்த உயரம் ஏறக்குறைய ஒன்றே என்பதால் ஸ்பீடோமீட்டர் கெடாது, ஆனால் பள்ளத்தின் அடியைத் தாங்குகிற ரப்பரில் 13 மி.மீ. போய்விடும். ஒரு ரிம்மை இப்போதுதான் பள்ளத்துக்குப் பலி கொடுத்தவன் நான். 15 அங்குலத்திலேயே நின்றேன். நான்கு போல்ட், அவை அமைந்த 100 மி.மீ. வட்டம் பொருந்தியது. ஆஃப்செட்டும், அதாவது சக்கரம் உள்ளே வெளியே தள்ளி நிற்கும் அளவும், பழையதற்கு அருகிலேயே இருந்தது. உட்புறம் ஜே.டபிள்யூ.எல். என்ற ஜப்பானியத் தர முத்திரையும் தடவிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் தெரிந்தவன் என்ற நினைப்பு.

மாட்டும்போதே ஒரு சிக்கல். உடன் கொடுத்த புது நட் கையால் இரண்டு சுற்றுப் போய் இறுகி நின்றது. பையன் காற்றுத் துப்பாக்கியை எடுத்துவிட்டான். கையைப் பிடித்துத் தடுத்தேன். சுசுகிக்கு மரை 12×1.25, அதாவது 12 மி.மீ. தடிமன், மரை இடைவெளி 1.25 மி.மீ.; அவன் வைத்திருந்தது 1.5. பழைய நட்டுகளையே போடச் சொன்னேன்.

பிறகுதான் பெரிய சிக்கல். நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் 80-ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கியது. நெல்லையப்பர் தேர் ஆடி வந்தால் கும்பிடலாம். கார் ஆடினால் என்ன செய்வது? இரண்டு முறை பேலன்சிங் பார்த்தேன். இரண்டு முறையும் இயந்திரம் சுழியம் காட்டியது, நடுக்கம் மட்டும் போகவில்லை. அலைன்மென்ட்டுக்கும் காசு கொடுத்தேன், அது தெண்டம்.

ஞாயிற்றுக்கிழமை ஜாக்கி வைத்துக் கழற்றி, வெர்னியரால் அளந்தபோதுதான் விளங்கியது. சக்கரம் வந்து உட்காரும் ஹப்பின் நடுக்குமிழ் 54.1 மி.மீ. புதுச் சக்கரத்தின் நடு ஓட்டை 67.1. பல வண்டிகளுக்கும் பொருந்தட்டும் என்று பெரிதாகவே போட்டு விற்கிறார்கள். பேலன்சிங் இயந்திரம் அந்த ஓட்டையைக் கூம்பால் பிடித்து நடுவில் நிறுத்திவிடுகிறது. வண்டியில் அதற்குப் பிடிமானம் இல்லை. நட்டை இறுக்கும்போது எந்தப் பக்கம் சாய்ந்ததோ அங்கேயே இறுகிப்போகிறது.

குமிழுக்கும் ஓட்டைக்கும் இடையில் போடும் வளையம் கடையில் இல்லை. பிளாஸ்டிக்கில் வரவழைத்துத் தருவதாகச் சொன்னார்கள். நான் தச்சநல்லூரில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அண்ணாச்சி சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை வாங்குவதற்கு முன்னால் இங்கே வந்திருக்க வேண்டும், தம்பி" என்றார். அலுமினியத்தில் நான்கு வளையம் கடைந்து கொடுத்தார். ஒன்று மயிரிழை இறுக்கம். உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தார். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே நட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக இறுக்கினோம். 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு சுற்று. வள்ளியூர் வரை 90-இல் போய்வந்தேன், ஸ்டியரிங் அசையவே இல்லை.

நேற்று ஒத்திகையாக ஸ்டெப்னியை மாட்டிப் பார்த்தேன். சக்கரத்தோடு வரவேண்டிய வளையம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டது. இரும்பு ரிம்மின் ஓட்டை 54.1தான், உள்ளே ஏறவில்லை. திருப்புளியால் நெம்பி எடுக்கக் கால் மணி நேரம் பிடித்தது. இப்போது நான்கு வளையத்துக்கும் உட்புறம் லேசாகக் கிரீஸ் தடவியிருக்கிறேன்; டிக்கியில் ஒரு திருப்புளியும் கிடக்கிறது.