கிளிக் ஆனா ஃபோட்டான் வந்துச்சுனு அர்த்தமில்ல

டிடெக்டர்ல ஒரு கவுன்ட் ஏறினா ஒரு ஃபோட்டான், அதாவது ஒரு ஒளித்துகள், வந்து விழுந்துருச்சுனு அப்படியே எடுத்துக்குற பழக்கம் எனக்கு ரொம்ப நாளா இருந்துச்சு, ரெண்டு வாரம் ஒரே கிராஃபோட மல்லுக்கட்டின அப்புறம்தான் அது போச்சு.

நான் பாத்துட்டு இருந்தது வைரத்துக்குள்ள இருக்குற என்வி சென்டர், அதாவது ஒரு நைட்ரஜன் அணுவும் பக்கத்துல ஒரு காலி இடமும் சேந்த குறை. 532 நானோமீட்டர் பச்சை லேசர் அடிச்சா சிவப்பா ஒளிரும். அங்க இருக்குறது ஒண்ணே ஒண்ணா, இல்ல ஒட்டி ஒட்டி ரெண்டு மூணானு தெரியணும். அதுக்கு வர்ற வெளிச்சத்தை பீம் ஸ்ப்ளிட்டர்ல பாதி பாதியா பிரிச்சு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு டிடெக்டர் வைக்கணும், 1956ல ஹான்பரி பிரவுனும் ட்விஸ்ஸும் போட்ட அதே அமைப்பு. ஒத்தை ஃபோட்டான் ஏதாவது ஒரு பக்கம்தான் பிடிபடும், அதனால ரெண்டும் சேந்து கிளிக் ஆகக் கூடாது, ரெண்டு பக்க கிளிக்குக்கும் நடுவுல இருக்குற நேரத்தை வச்சுப் போடுற கிராஃப்ல ஜீரோகிட்ட குழி விழணும். 1977ல கிம்பிள், டாகனைஸ், மாண்டல் மூணு பேரும் சோடியம் அணுக்களை வச்சு இந்தக் குழியைக் காட்டினாங்க. குழிக்கு வெளிய இருக்குற மட்டத்தை 1னு வச்சு, குழியோட அடி 0.5க்குக் கீழ போனா அங்க ஒளி விடுறது ஒண்ணே ஒண்ணு.

எனக்கும் குழி விழுந்துச்சு. ஆனா அதோட சரிவுலயே, இந்தப் பக்கம் 6 நானோசெகண்டுல ஒண்ணு, அந்தப் பக்கம் 6ல ஒண்ணுனு ரெண்டு சின்னக் கூம்பு நிமிந்து நின்னுச்சு.

முதல்ல ரூம் வெளிச்சம்னு நெனச்சு ஒவ்வொரு மெஷினோட எல்ஈடி மேலயும் கறுப்பு டேப் ஒட்டினேன், மானிட்டரை அணைச்சேன், ஒண்ணும் மாறல. ஷட்டரை மூடினாலும் செகண்டுக்கு சில நூறு டார்க் கவுன்ட் வரத்தான் செய்யும், ஆனா அது கண்டபடி வர்றது, மொத்தத் தரையையும் கொஞ்சம் தூக்குமே தவிர குறிப்பா ஒரு இடத்துல கூம்பு கட்டாது.

அப்புறம் தோணுச்சு, ஒளி 1 நானோசெகண்டுல 30 சென்டிமீட்டர் போகும், அப்ப 6க்கு 1.8 மீட்டர். டேப் வச்சு அளந்தா ஒரு டிடெக்டர்ல கெளம்பி, பீம் ஸ்ப்ளிட்டர் வழியா பின்னாடி போய், லேசரைத் தடுக்குற ஃபில்டர்ல மோதித் திரும்பி, இன்னொரு டிடெக்டருக்கு வர்ற தூரம் கிட்டத்தட்ட அதேதான்! ஃபில்டரை 15 சென்டிமீட்டர் தள்ளி வச்சேன், ரெண்டு கூம்பும் சரியா 1 நானோசெகண்ட் நகந்துச்சு.

அதாவது சிலிக்கான் டிடெக்டரே வெளிச்சம் விடுது. ஒத்தை எலக்ட்ரான் கெளம்பி பனிச்சரிவு மாதிரி பெருகி அவலாஞ்ச் ஆகுறப்ப, உள்ள பாயுற அத்தனை எலக்ட்ரான்ல ஒண்ணு ரெண்டு ஃபோட்டானையும் வெளிய விட்டுடுது, அதை எதிர்ல இருக்குற டிடெக்டர் நம்ம சிக்னல்னு எண்ணிடுது. பிடிக்கிறதுக்குனே செஞ்ச பொருள் திருப்பி அனுப்புதுங்குறதை கண்ணால பாத்த அன்னைக்கு எனக்கு தூக்கமே வரல.

ஃபில்டரை லேசா சாய்ச்சு வச்சேன். ரெண்டு டிடெக்டர் முன்னாடியும் 750 நானோமீட்டருக்கு மேல இருக்குறதை வெட்டுற ஷார்ட்பாஸ் ஃபில்டர் போட்டேன், அதுல என்வியோட சிக்னலும் கொஞ்சம் போச்சு, போனா போகட்டும்னு ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலைல வந்து பாத்தா கூம்பு ரெண்டும் இல்ல, குழி மட்டும் சுத்தமா 0.2க்குக் கீழ இறங்கி நின்னுச்சு.