ராம்குமாரின் காசி

ஜனவரி 6

காசியில் கடும் பனி. பத்து மணி வரை எதிர்க்கரை தெரியவில்லை. ஹனுமான் காட் (படித்துறை) பக்கம் அறை. தெருவில் இறங்கினால் தமிழும் தெலுங்கும்தான் அதிகம் காதில் விழுகின்றன. பெரும்பாலும் திதி கொடுக்க வந்தவர்கள். ராம்குமாருக்காக வந்திருக்கிறேன் என்று பக்கத்து அறை மாமாவிடம் சொன்னேன். "எந்த மடத்துல இருக்கார்?" என்று கேட்டார்.

ஜனவரி 7

மாமாவுக்குச் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஓவியர் ராம்குமார் 1924-இல் சிம்லாவில் பிறந்தவர். டெல்லியில் பொருளாதாரம் படித்தார், அப்புறம் பாரிஸ் போய் ஆந்த்ரே லோத்திடமும் ஃபெர்னான் லெஜேயிடமும் ஓவியம் கற்றார். இந்திச் சிறுகதைகளும் எழுதியவர். எழுத்தாளர் நிர்மல் வர்மா இவருடைய தம்பி. ஐம்பதுகளில் இவர் வரைந்ததெல்லாம் மனிதர்கள்: ஒடுங்கிய முகத்தோடு, போக்கிடம் இல்லாமல் நிற்கும் நகரத்து ஆட்கள். 1960 வாக்கில் எம்.எஃப். ஹுசைனோடு காசிக்கு வந்தார். அதற்குப் பிறகு அவர் படங்களிலிருந்து ஆட்கள் காணாமல் போனார்கள்.

வேறு எந்த ஊரானாலும் சரி. தோளில் இடிபடாமல் ஒரு சந்தைக் கடக்க முடியாத காசியிலா? இங்கே கண்ட சாவும் துயரமும் முகங்களில் அடங்காதவை, அதனால் உருவத்தை விட்டார் என்பது பொதுவாகச் சொல்லப்படும் காரணம். இருக்கலாம். எனக்கு அது கொஞ்சம் பெரிய வார்த்தையாகப் படுகிறது.

ஜனவரி 8

விடிவதற்குள் துடுப்புப் படகு. மோட்டார் படகு வேண்டாம் என்றதும் படகோட்டி சந்தேகமாகப் பார்த்தார்.

கங்கை இங்கே வடக்கு நோக்கி ஓடுகிறது. ஊர் முழுக்க மேற்குக் கரையில். கிழக்கே வெறும் மணல்வெளி. நடு ஆற்றுக்குப் போனதும் முதலில் சத்தம் குறைந்தது, பிறகு குளிப்பவர்கள் புள்ளிகளானார்கள், இன்னும் கொஞ்சம் விலகியதும் பனி அவர்களைத் துடைத்துவிட்டது. படியும் சுவரும் மட்டும் நின்றன, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, கதவு எது மாடம் எது என்று பிரிக்க முடியாமல். சாம்பல், பழுப்பு, பிணம் எரிக்கும் மணிகர்ணிகை அருகே கரி படிந்த கறுப்பு. சிந்தியா படித்துறையில் சாய்ந்து நிற்கும் கோயிலும் அந்த நேரத்தில் ஒரு சரிந்த கட்டை, அவ்வளவுதான். அவருடைய ஆரம்பக் காசிப் படங்களின் நிறமும் இதுதான். ஆட்களை அவர் விரட்டவில்லை, தள்ளிப் போய் நின்று பார்த்தார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. கேதார் காட் படிகளின் சிவப்பு வெள்ளைப் பட்டைகள் பனியிலும் பளிச்சென்று தெரிந்தன. நான் பார்த்த அறுபதுகளின் படங்களில் அந்தச் சிவப்பு இல்லை.

ஜனவரி 10

டெல்லி ரயில், ஐந்து மணி நேரம் தாமதம். படத்தொகுப்பைப் புரட்டிக்கொண்டு வந்தேன். போகப் போக வீடுகளும் கரைந்துவிடுகின்றன. மஞ்சளும் நீலமும் பச்சையும் ஆப்பு ஆப்பாகச் சாய்ந்து கிடக்கின்றன. அது காசிக் கரையா, பிறந்த ஊரின் மலைச்சரிவா என்று சொல்ல முடியவில்லை. டெல்லியில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் காசியை வரைந்துகொண்டிருந்தவர். 2018-இல் தொண்ணூற்று மூன்று வயதில் இறந்தார். அத்தனை காலம் மனசில் கிடந்தால் ஊர் அப்படித்தான் கலந்துபோகும் போல.

ஆனாலும் எனக்கு அறுபதுகளின் பழுப்புதான். பின்னாளைய மஞ்சள் சில படங்களில் ரொம்பச் சுலபமாக அழகாகிவிடுகிறது. கத்தியால் வண்ணத்தை இழுத்த தடம் அச்சில் தட்டையாகத் தெரிகிறது. டெல்லியில் அசல் ஒன்றையாவது பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.